நாற்பத்திரண்டு யோசேப்புகள்

கீரனூர் வட்டாரத்தில் இன்று ஏதாவது ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றால், மாமியாரும் மருமகளும் ஒரே சீரியலை ஒரே அறையில் பார்க்கிறார்கள் என்றால், அந்தப் புகழ் முழுவதும் வே. ஞானாதிக்கம் அவர்களையே சேரும். இதை வேறு யாரும் சொல்லாததால் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

முப்பத்தொரு வருடம் திருச்சிக்கு பஸ்ஸில் போய்வந்து, ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு சபைச் செயலர் ஆனார். வேதாகமத்தை, கோப்பைக் கையாளும் அதே கவனத்தோடு கையாண்டார். ஒவ்வொரு கதைக்கும் பொருள் எழுதுவார், பார்வை எழுதுவார், கடைசியில் யார்மீது நடவடிக்கை என்றும் எழுதுவார். நடவடிக்கை பெரும்பாலும் சொந்தக்காரர்கள் மீதுதான்.

அவருடைய சாதனைகளில் தலையாயது ஒன்பது வருடத்துக்கு முன் நடந்தது. வல்லத்திராக்கோட்டையில் இருக்கும் ஒரே தங்கை ரூபாவதியின் மகன், கூட வேலை பார்த்த பிரகதீஸ்வரியைக் கல்யாணம் செய்துகொண்டான். பெண் வீட்டில் கும்பிடுவது வேறு சாமி. கல்யாண விருந்தில் ஞானாதிக்கம் எழுந்து மைக்கை வாங்கினார். புறஜாதிப் பெண்ணைக் கூடாரத்துக்குக் கூட்டிவந்தவனையும் அவளையும் பினெகாஸ் ஒரே ஈட்டியால் குத்திய கதையை, பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே விளக்கினார். ஈட்டி இல்லாத குறையை மைக் தீர்த்தது. அடுத்த வாரமே ரூபாவதியின் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து நீக்கும் தீர்மானத்தை அவரே முன்மொழிந்து, அவரே வழிமொழிந்தார். அன்றிலிருந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே பூரண அமைதி நிலவுகிறது. ஒரு வார்த்தை கிடையாது.

இப்படிப்பட்டவர் 'குடும்பச் சமாதான முகாம்' நடத்தாமல் வேறு யார் நடத்துவது?

முகாமுக்குக் கிளம்பிய காலையில் மகள் ஷர்லி வாசலில் வழிமறித்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். தாயில்லாமல் வளர்ந்தவள், பள்ளிக்கூடம் போகும் வயதில் அவளுக்குத் தலைபின்னி விட்டது ரூபாவதி அத்தைதான்.

"அப்பா, அத்தைக்குப் பத்திரிகைய நீங்களே கொண்டுபோய்க் குடுக்கணும்."

"முகாம் முடியட்டும். இப்ப நான் சமாதான வேலையா இருக்கேன், குறுக்க வராத."

"அத்தை வராம நான் மேடை ஏறமாட்டேன்ப்பா."

"என்ன பிடிவாதம் இது!"

"நம்ம வீட்டுல இதுக்குப் பேரு பக்திவைராக்கியம்தானே?"

ஞானாதிக்கம் அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

முதல் நாள் தலைப்பு 'வைராக்கியம்'. பினெகாஸ் மறுபடியும் ஈட்டி எடுத்தார். சபையார் மெய்சிலிர்த்தார்கள், இருவர் அன்றைக்கே வீட்டுக்குப் போய் மச்சானிடம் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டாம் நாள் தலைப்பு 'மாறாத பற்று'. மாமியாரைக் கைவிடாத மருமகள் ரூத்தின் கதையைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. ஒவ்வொரு மருமகளும் ரூத்தாக மாறுவதற்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தார்.

அப்போது முத்துமாரியம்மாள் கையைத் தூக்கினாள். சபைக்குப் புதிது. பெயரை மாற்றச் சொன்னதற்கு, "ரேஷன் கார்டையும் நீங்களே மாத்திக் குடுங்க" என்று சொல்லிவிட்டவள்.

"ஐயா, ரூத்து எந்த ஊருப் பொண்ணுங்க?"

"மோவாப் தேசம்."

"அப்ப அதுவும் புறஜாதிதானுங்களே? நேத்து அந்தப் பொண்ணக் குத்துனோம், இன்னிக்கு இந்தப் பொண்ணுக்குக் கை தட்டுறோம். வித்தியாசம் என்னங்க?"

கூட்டம் ஞானாதிக்கத்தைப் பார்த்தது. முப்பத்தொரு வருட அனுபவம் வீண்போகவில்லை.

"நேத்துப் பாடம் நேத்தோட முடிஞ்சுது. டீ குடிச்சிட்டு வாங்க."

மூன்றாம் நாள் 'குடும்பப் பூசல்'. யோசேப்பை அண்ணன்மார் குழியில் தள்ளிய கதை. இதற்கென்று அவர் ஒரு படிவமே அச்சடித்திருந்தார். 'இந்தக் கதையில் நீங்கள் யார்? (அ) யோசேப்பு (ஆ) அண்ணன்மாரில் ஒருவர். காரணத்தை ஒரு வரியில் எழுதவும்.'

நாற்பத்துமூன்று படிவங்கள் வந்தன. அவர் மேடையிலேயே பிரித்துப் படித்தார். யோசேப்பு. யோசேப்பு. நாத்தனார் முகம் கொடுத்துப் பேசாததால் யோசேப்பு. மகனின் பிறந்தநாளுக்குத் தம்பி வாட்ஸ்அப்பில்கூட வாழ்த்துச் சொல்லாததால் யோசேப்பு. அந்தத் தம்பியும் யோசேப்பு. பாஸ்டர், கமிட்டியால் யோசேப்பு. கமிட்டி, பாஸ்டரால் யோசேப்பு. ஞானாதிக்கமும் தன் படிவத்தை அடக்கத்தோடு வாசித்தார்: "யோசேப்பு. காரணம், சத்தியத்தைச் சொன்னதால் தங்கையால் ஒதுக்கப்பட்டேன்."

இத்தனை யோசேப்புகளை எகிப்தே தாங்காது. அவருக்குப் பெருமிதம் பொங்கியது.

"நம்ம சபையில குழியில தள்ளுனவங்க ஒருத்தர்கூட இல்ல! அல்லேலூயா!"

"அப்ப இம்புட்டுப் பேரையும் தள்ளுனது யாருங்கய்யா?" என்றாள் முத்துமாரியம்மாள்.

"வேற சபைக்காரங்க" என்றார் அவர். பலத்த கைத்தட்டல்.

கடைசிப் படிவத்தை அவர் மேடையில் வாசிக்கவில்லை. கையெழுத்தைப் பார்த்ததும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவரே அவர்தான். வீட்டுக்கு வந்து விசிறிக்கடியில் உட்கார்ந்து பிரித்தார்.

'அண்ணன்மாரில் ஒருவர். காரணம்: அன்றைக்கு அப்பா மைக்கில் பேசும்போது அத்தை பந்தி நடுவில் அழுதுகொண்டு நின்றார்கள். நான் எழுந்து போகவில்லை. இலையில் இருந்த பிரியாணியைச் சாப்பிட்டு முடித்தேன். ஷர்லி.'

பழக்கத்தில் முதலில் எழுத்துப்பிழை தேடினார். இல்லை. பிறகு வேதாகமத்தைத் திறந்தார். தம்பியைக் குழியில் போட்டுவிட்டு அண்ணன்மார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று அங்கே இருந்தது. முப்பது முறையாவது வாசித்த இடம்; ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை. நெஞ்சில் ஏதோ அடைத்தது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தார். அடைப்பு போகவில்லை.

மறுநாள் காலை பத்திரிகையோடு பஸ் ஏறினார். புதுக்கோட்டையில் மாறி, வல்லத்திராக்கோட்டை போய்ச் சேரும்வரை பேசவேண்டியதை மனதுக்குள் வரைவு எழுதி, திருத்தி, இறுதிசெய்தார்.

கதவைத் திறந்தது பிரகதீஸ்வரி.

"வாங்க பெரியப்பா. உள்ள வாங்க. அத்தைக்கு முட்டி வலி, நான் கூட்டியாரேன்."

மருமகளின் தோளைப் பிடித்தபடி ரூபாவதி நடந்து வந்தாள். நரை கூடியிருந்தது. உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பிரகதீஸ்வரி காபி போடப் போனாள். மோவாப் தேசம் அந்த நேரத்தில் ஞானாதிக்கத்துக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் ஒரு குறிப்பு எழுதியிருப்பார்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"ரூபா, ஒன்ன நான் மன்னிச்சிட்டேன்."

ரூபாவதி தலையணையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எதுக்குண்ணே?"

வரைவில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

"அது வந்து... அன்னிக்கு விருந்துல ஒன் மனசு புண்படுத்தப்பட்டதாத் தெரிய வருது."

"யாரால?"

"அது... விசாரணையில இருக்கு."

ரூபாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கண்ணில் நீரும் வந்தது. கையை நீட்டிப் பத்திரிகையை வாங்கிக்கொண்டாள்.

"விசாரணை மெதுவா நடக்கட்டும்ணே. நான் ஷர்லிக்காக வாரேன். பிரகதியும் வருவா. அவ வராம நான் எங்கிட்டும் போறதில்ல."

"வரட்டும், வரட்டும்" என்றார் அவர். வந்த வேலை முடிந்ததில் பாரம் இறங்கி, பழைய தெம்பு திரும்பியது. காபியைக் குடித்தபடி வீட்டைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அடுப்படியில் யாரும் பாத்திரத்தைப் போட்டு உடைக்கவில்லை. மாமியாரும் மருமகளும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். அடுத்த முகாமுக்கு உதவும் என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஏம்மா ரூபா, வீடு இவ்வளவு சமாதானமா இருக்கே. எந்தக் கதைய வச்சு இதச் சாதிச்சீங்க?"

"கதையெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே" என்றாள் ரூபாவதி. "ஒம்பது வருசமா நீங்க இங்கிட்டு வரல."