தாம்பூலத் தட்டில் ஒரு அட்ஜஸ்ட் நோட்டு

மதுரையில் 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லைத் தொடாமல் ஒரு முழு நாளைக் கழிக்க முடியாது. நான் ஒருமுறை முயன்று பார்த்தேன். வில்லாபுரத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரை நின்றுகொண்டே போக வேண்டியிருந்தது.

மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் உட்காருவது அட்ஜஸ்ட். தையல்காரர் தோள்பட்டையில் கால் இஞ்ச் பிரித்துவிடுவது அட்ஜஸ்ட். குழாயில் உப்புத் தண்ணீர் வந்தால் வீட்டுக்காரர் நம்மிடம் கேட்பது அட்ஜஸ்ட். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டால் அம்மா அவசரமாகப் போடும் உருளைக்கிழங்கும் அட்ஜஸ்ட். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கும் எல்லாரும் இதையேதான் சொல்லி அனுப்புகிறார்கள். எதை, எவ்வளவு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

இதையெல்லாம் நான் கண்டுபிடித்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். தலைக்கனம் கொஞ்சம் உண்டு (கொஞ்சம் என்பது என் கணக்கு). ஆபீஸில் ஞாயிறு பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த அண்ணனிடம் இதைச் சொன்னபோது, அவர் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார்: "எழுதும்மா, அரைப் பக்கம். ஆனா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆள் வேணும். பேரு, வயசு, ஊரு, எப்பச் சொன்னாக. 'ஒருவர் கூறினார்'னு வந்துச்சு, கிழிச்சுப் போட்ருவேன்."

அன்றிலிருந்து உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று என் கையோடு இருந்தது. கண்டக்டர், காய்கறிக்காரம்மா, கேஸ் சிலிண்டர் போடுபவர், யாரையும் விடவில்லை. எல்லாரிடமும் வயது கேட்க முடியாது. பார்த்தால் எவ்வளவு தோன்றுகிறதோ அதைப் போட்டுக்கொண்டேன்.

அந்த மாதம்தான் கதிரேசன் வீட்டார் என்னைப் பேசி முடிக்க வந்தார்கள். ஊர் கொட்டாம்பட்டி. அவர் மேலூரில் பம்ப்செட் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். பெரியவர்களுக்குத் தெரிந்தே மூன்று வாரம் போனில் பேசியிருந்தோம். கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலையை விட வேண்டுமா என்று கேட்டதற்கு, "நான் கடையை விடப் போறதில்லையே" என்றார். அதற்கு முன் இரண்டு இடங்கள் அந்த ஒரு கேள்வியிலேயே போயிருந்தன. இது அமைய வேண்டும் என்று வீட்டில் எல்லாரையும்விட அதிகமாக வேண்டிக்கொண்டது நான்தான். (வெளியில் 'பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.)

அன்று மாலை கூடத்தில் பேச்சு நடந்தது. நான் உள்ளறைக் கட்டிலில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தேன். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. முதல் ஐந்து நிமிடத்தில் நான்கு அட்ஜஸ்ட் விழுந்தது. இப்படி ஒரு விளைச்சலை நான் பார்த்ததே இல்லை. நோட்டை எடுத்தேன்.

ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளே வந்தார். "என்னடி செய்ற, காபி ஆறுது. எந்திரி." பக்கத்தில் தாம்பூலத் தட்டு தயாராக இருந்தது: தேங்காய், பழம், பூ, வெற்றிலை. நோட்டை வெற்றிலைக்கு அடியில் செருகிவிட்டுக் காபியோடு போனேன்.

பேச்சு நல்லபடியாகப் போனது. ரொம்பவே நல்லபடியாக. "வந்தது வந்தாச்சு, இன்னைக்கே தட்டு மாத்திருவோமே" என்றார் கதிரேசனின் தாய்மாமன் பெருமாள்சாமி. தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா உள்ளே போய்த் தட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார், அவர் தங்கள் தட்டை அப்பா கையில் கொடுத்தார். நான் இதையெல்லாம் பார்க்கவில்லை. கதிரேசனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேன் கிளம்பிக் கால் மணி நேரம் கழித்துத்தான் கட்டிலைப் பார்த்தேன். காலியாக இருந்தது. கதிரேசனுக்குச் செய்தி அனுப்பினேன்: 'வெற்றிலையை யாரும் எடுக்க வேண்டாம்.'

'மாமா எடுத்துட்டாரு.'

'அடியில் ஒரு நோட்டு இருக்கும்.'

'வாசிச்சுக்கிட்டு இருக்காரு.'

'எந்தப் பக்கம்?'

'வண்டி திரும்புது.'

வேன் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது அம்மா, அவர்கள் ஏதோ மறந்துவிட்டுப் போயிருப்பதாக நினைத்து முகமெல்லாம் சிரிப்பாக வாசலுக்குப் போனார். பெருமாள்சாமி உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"பெருமாள்சாமி, அறுபத்தஞ்சு, கொட்டாம்பட்டி. மாலை நாலு இருபது. 'நகை நீங்க போடுறதப் போடுங்க, நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்.'" கண்ணாடியைக் கழற்றினார். "பேரு சரி. ஊரு சரி. சொன்னதும் நான்தான். நேரம் வேற போட்ருக்க. எந்தக் கோர்ட்டுக்குத் தாயி?"

அப்பா உதவிக்கு வந்தார். "கேஸெல்லாம் இல்ல சம்பந்தி. பேப்பர்ல போடத்தான்."

பெருமாள்சாமி கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வரதட்சணை கேட்டோம்னு பேப்பர்ல வரப்போகுதா?" என்றார் பெருமாள்சாமி, மெதுவாக. பிறகு தொடர்ந்து வாசித்தார். "செல்லம்மாள், அம்பத்தெட்டு. 'மண்டபம் சின்னதா இருந்தா என்ன, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.' அடைப்புக்குள்ள, 'இதோடு ஒன்பது முறை. களைப்பே தெரியவில்லை.'"

செல்லம்மாள் என்பது கதிரேசனின் அம்மா. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "எனக்கு அம்பத்தெட்டா?"

"குத்துமதிப்பா போட்டேன் அத்தை."

"அம்பத்தொண்ணு."

அடுத்த வரி என் அம்மாவுடையது. 'சமையல் அம்புட்டா வராது, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.' இதை அம்மா கூடத்தில் சொல்லவில்லை. சமையலறையில், சொல்லலாமா வேண்டாமா என்று அப்பாவிடம் ஒத்திகை பார்த்திருந்தார்.

"கேசரி இவ கிண்டுனதுன்னு சொன்னீக" என்றார் அத்தை. அம்மா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"கண்டக்டர், காய்க்காரி எல்லாரும் இருக்காக மாமா. முன்னாடிப் பக்கத்தப் பாருங்க" என்று எப்படியோ சொன்னேன். அவர் முன்னாடி புரட்டவில்லை. தாலுகா ஆபீஸ் பழக்கம், எந்த ஃபைலையும் கடைசித் தாள் வரை பார்ப்பவர். எனக்கு அப்போதுதான் கடைசிப் பக்கத்தில் என்ன எழுதினேன் என்பது நினைவுக்கு வந்தது. நோட்டைப் பிடுங்கலாமா என்றுகூட யோசித்தேன்.

"மாப்பிள்ளை," என்று அதே குரலில் வாசிக்க ஆரம்பித்தார். "இதுவரை ஒரு தடவைகூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எனக்கு ரொம்பப்..." குரல் இறங்கியது. "ரொம்பப் பிடித்திருக்கிறது. எப்படியாவது இது அமைய வேண்டும்."

நான் தரையைப் பார்த்தேன். மொசைக்கில் அத்தனை நிறப் புள்ளிகள் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"மாமா, கடைசி வரியத் திருப்பி வாசிங்க" என்றார் கதிரேசன். வந்ததிலிருந்து கூடத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"எதுக்கு மாப்ள?"

"சரியா கேக்கல."

பெருமாள்சாமி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருப்பி வாசித்தார். பிறகு முன்பக்கங்களையும் புரட்டினார். காய்கறிக்காரம்மாவிடம் வந்ததும் மீசை லேசாக அசைந்தது.

"அண்ணே, கொடுத்த தட்டைத் திருப்பக்கூடாது" என்றார் அத்தை. "வயச மட்டும் மாத்தச் சொல்லு."

மாற்றினேன். ஐம்பத்தெட்டை அடித்து ஐம்பத்தொன்று. அடித்துத் திருத்திய இடத்தில் பெருமாள்சாமி தன் பேனாவால் சுருக்கொப்பம் போட்டார். தன் வயதை அறுபத்திரண்டாக்கி, அதற்கும் ஒன்று.

கட்டுரை வெளிவரவே இல்லை, ஏனென்றால் நோட்டை அவர் திருப்பித் தரவில்லை. இன்றும் அவர் பீரோவில் பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு கல்யாண நாளிலும் அந்தக் கடைசிப் பக்கத்தின் ஜெராக்ஸ், 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். சித்தப்பா பிள்ளைகளுக்கெல்லாம் அது மனப்பாடம்.

போன மாதம் எனக்கும் கதிரேசனுக்கும் சண்டை. இரண்டு நாள் பேசவில்லை. கல்யாண நாளுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கும்போதே நகல் வந்து விழுந்தது. கீழே மாமாவின் குறிப்பு: 'மேற்படி வாசகம் ரத்து செய்யப்பட்டதாக இதுவரை எனக்குத் தகவல் இல்லை.'