என்றென்றைக்கும் பாதுகாக்கப்பட்ட பண்ணை

‘என்றென்றைக்கும்’ என்று எழுதிக் கையெழுத்திடும் அதிகாரம் ஆண்டவருக்கு அடுத்தபடியாக, பென்சில்வேனியாவில், எங்கள் விளைநிலப் பாதுகாப்புக் குழுவுக்குத்தான் உண்டு. அதன் தலைவன் அடியேன்.

எங்கள் பணி புனிதமானது. உழவரிடம் நிலம் அப்படியே இருக்கும். அதில் வீடு கட்டும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவோம். அறுபது கறவை மாடு வைத்திருந்த எஸ்ரா புரூபேக்கர், தனக்குப் பின் மகள் வெர்னா பண்ணையை நடத்த வேண்டுமென்று கையெழுத்திட்டார். வாசலில் ‘பாதுகாக்கப்பட்ட பண்ணை’ என்று பலகை நட்டோம். நான் கைதட்டினேன்.

உடனே சாலைக்கு எதிர்ப்புறச் சோளக்காட்டில் நாற்பத்திரண்டு வீடுகள் முளைத்தன. விளம்பரம் சொன்னது: ‘என்றென்றைக்கும் மறையாத பசுங்காட்சி!’

வசந்தத்தில் எஸ்ரா வயலுக்குச் சாணக்கரைசல் அடித்தார். குடியிருப்பின் சார்பில் விட்காம் என்பவர் மூக்கைப் பிடித்தபடி எங்கள் கூட்டத்துக்கு வந்தார்.

“பாக்குறதுக்குத்தாங்க காசு குடுத்தோம். மோந்து பாக்க இல்ல!”

“மாடு போடாம இருக்குமாங்க? நீங்களே வந்து அதுங்ககிட்ட பேசிப் பாருங்க” என்றாள் வெர்னா.

இரண்டு மணி நேரம் ஆழ்ந்து சிந்தித்துத் தீர்மானம் போட்டோம்: ‘காற்று குடியிருப்பின் பக்கம் வீசாத நாள்களில் மட்டும், மூன்று நாள் முன்னறிவிப்புடன் அடிக்கலாம்.’

“காத்து எங்கிட்ட சொல்லிட்டா வருது, தலைவரே?” என்றார் எஸ்ரா.

அது காற்றின் பொறுப்பு என்று குறிப்பேட்டில் பதிந்தோம்.

காற்று ஒத்துழைக்கவில்லை. சாணக்குழி நிரம்பி வழிந்தது. மாடுகள் ஏலத்துக்குப் போயின. வீடு கட்ட முடியாத நிலம் மலிவல்லவா? விட்காமே வாங்கி, புல்வெளியாக்கி, இரண்டு குதிரைகளை நிறுத்தினார். ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட மீறப்படவில்லை.

சாமான் ஏற்றிய வண்டியருகே நின்று வெர்னா பலகையைக் காட்டினாள்.

“யாருகிட்டேருந்துங்க பாதுகாத்தீங்க?”

“அது நிகழ்ச்சி நிரலில் இல்லையம்மா” என்றேன்.

எஸ்ரா சாலைக்கு அப்பால் பார்த்தார். “அந்த வீடெல்லாம் நிக்குதே, அந்தச் சோளக்காடு உங்களோடதுதானே? அத ஏன் பாதுகாக்கல?”

அபாண்டம்! அதற்கும் முறைப்படி விண்ணப்பம் வந்தது. தலைவரின் நிலத்துக்குச் சலுகை காட்டக்கூடாது என்று, நான்தான் கண்டிப்பாக நிராகரித்தேன்.