பத்துக் கேள்விகளும் இரண்டு கையெழுத்தும்

ஆங்கிலத்தில் பதில் சொல்வதைவிடக் கேள்வி கேட்பதுதான் எனக்கு இன்றைக்கும் நன்றாக வரும். இதைக் கொஞ்சம் அடக்கத்தோடு சொல்லலாம் என்று பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதினோரு கேள்வி கேட்டு ஒரு எஸ்டேட் மேனேஜரை வேர்க்க வைத்தவள் நான். (நீலகிரிக் குளிரில் ஒருவருக்கு வேர்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.)

தேயிலை விலை விழுந்து கிடந்த சமயம் அது. எங்கள் எஸ்டேட் கட்டபெட்டைத் தாண்டி இருந்தது. தினமும் ஊதிக்கொண்டிருந்த ஃபேக்டரி சங்கு வாரத்தில் மூன்று நாள்தான் ஊதியது. அப்பாவுக்கு அந்த ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கும் வேலை. ஃபேக்டரியை மூடினால் வேலை போகும், வேலையோடு எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். மூடிவிடுவார்களா, மாட்டார்களா என்று எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள். கேட்க வேண்டிய ஆளை மட்டும் யாரும் கேட்கவில்லை. எங்கள் பழக்கம் அப்படி. தொரை (மேனேஜரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கேட்பார், நாங்கள் பதில் சொல்வோம்.

பிளஸ் டூ முடித்துவிட்டு நான் கோத்தகிரியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் நடந்த இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வாரம் கேள்வி அமைக்கும் பாடம். முதலில் வாட், வென், வேர் என்று கேள்விச் சொல், அடுத்து டூ அல்லது டஸ், அதற்கப்புறம் ஆள், கடைசியில் அவர் செய்யும் வேலை. தாளிப்பதற்கு முதலில் கடுகு, அடுத்து கருவேப்பிலை, அப்புறம் வெங்காயம் என்கிற மாதிரி நான் அதை மனதில் வைத்துக்கொண்டேன். அதுவரை நான் கடுகே போடாமல் தாளித்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தார். இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் பத்துக் கேள்வி கேட்க வேண்டும், பதிலை எழுத வேண்டும், அடியில் அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். மற்ற பெண்களுக்கெல்லாம் பேங்க் மாமா, போஸ்ட் ஆபீஸ் சித்தப்பா என்று யாராவது இருந்தார்கள். எங்கள் எஸ்டேட் கம்பவுண்டருக்குத் தெரிந்த இங்கிலீஷ் மாத்திரைப் பெயரோடு சரி. மிச்சம் இருந்தவர் தொரை ஒருவர்தான்.

"தொரைகிட்டயா? உனக்கென்ன கிறுக்கா புள்ள?" என்றாள் அம்மா.

"மார்க்கு போயிரும்மா," என்றேன். அந்த வயதில் எனக்கு உலகமே மார்க்குதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோட்டோடு பங்களாவுக்குப் போனேன். வராந்தாவில் தொரையோடு தலை நரைத்த ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தொரையின் மாமனார் போலிருக்கிறது என்று நினைத்து அவருக்கும் ஒரு வணக்கம் வைத்தேன். (அவர் கல்கத்தாவிலிருந்து வந்திருந்த கம்பெனி டைரக்டர். ஃபேக்டரியை என்ன செய்வது என்று முடிவெடுக்க வந்தவர். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.)

"சார், ஐ ஹேவ் டென் கொஸ்டின்ஸ்," என்றேன்.

தொரையின் கப் பாதி வழியில் நின்றது. "யூனியன்காரங்க அனுப்புனாங்களா?" என்று தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க தொரை, டீச்சர் அனுப்புனாங்க."

அந்தப் பதில் அவரை இன்னும் குழப்பிவிட்டது. அதற்குள் பெரியவர், கேட்கட்டுமே என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார்.

என்னுடையது தினசரி வாழ்க்கை பற்றிய பாடப்புத்தகக் கேள்விகள். சத்தியமாக அதில் வேறு எந்த உள்நோக்கமும் இல்லை. "வென் டூ யூ கெட் அப்?" என்றேன். ஆறு மணிக்கு என்றார். பிஸ்கட் தட்டோடு வந்த பட்லருக்கு இருமல் வந்தது. "வேர் டூ யூ கோ எவ்ரி ஈவினிங்?" தொரை ஓரக்கண்ணால் பெரியவரைப் பார்த்துவிட்டு, மீட்டிங் என்றார். ஜீப் தினமும் ஊட்டி கிளப்புக்குப் போவது எங்கள் லைனில் கைக்குழந்தைக்கும் தெரியும். நான் மீட்டிங் என்றே எழுதிக்கொண்டேன்.

"ஹௌ ஆஃபன் டூ யூ விசிட் தி ஃபேக்டரி?"

"டெய்லி."

பாய்லர்காரர் மகளுக்கு இதை மட்டும் எழுதக் கை வரவில்லை. "இல்லைங்களே தொரை, உங்களைத் தீபாவளிக்குப் பார்த்ததோட சரின்னு அப்பா சொன்னாருங்க," என்று தமிழில் சொல்லித் தொலைத்தேன்.

என்ன சொல்கிறாள் என்று பெரியவர் கேட்டார். தீபாவளி வாழ்த்துச் சொல்கிறாள் என்றார் தொரை. தீபாவளி முடிந்து ஐந்து மாதம் ஆகிறதே என்றார் பெரியவர். அப்போதுதான் தொரைக்கு நெற்றி வேர்த்தது.

மீதிக் கேள்விகளை ஒரே மூச்சில் முடித்தேன். தொரை நோட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். தப்பித்தேன் என்று திரும்பியபோது பெரியவர் கூப்பிட்டு, "ஆஸ்க் மீ ஒன்," என்றார்.

நோட்டில் பத்துதான் இருந்தது. எழுதி வைத்துப் படிக்காமல் நான் அதுவரை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அப்பாவின் பாய்லர் ஞாபகம் வந்தது. கடுகு, கருவேப்பிலை, வெங்காயம் என்று மனதுக்குள் அடுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"வில் யூ க்ளோஸ் அவர் ஃபேக்டரி?"

அவர் கப்பைக் கீழே வைத்தார். "நாட் திஸ் இயர்," என்றார். நான் அதை எழுதி, பழக்கதோஷத்தில் நோட்டை அவரிடமும் நீட்டி, "சைன் ப்ளீஸ், சார்," என்றேன். தொரை கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் போட்டுக் கொடுத்தார்.

நான் வீடு சேருவதற்கு முன்பே பட்லர் மூலமாகச் செய்தி வந்திருந்தது. "ஏம்புள்ள, நாளைக்கு ஊட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்க போறது?" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். நோட்டை யூனியன் தலைவர் வாங்கி, கடைசிக் கேள்வியையும் பதிலையும் தமிழில் சத்தமாகச் சொன்னார். லைன் முழுக்க எங்கள் வாசலில் நின்றது. அப்பா நோட்டைத் திரும்ப வாங்கி, ரேஷன் கார்டு இருக்கும் உறைக்குள் வைத்தார். (டீச்சர் ஒன்பது மார்க்குதான் போட்டார். பத்துக் கேட்கச் சொன்னால் பதினொன்று கேட்டதற்காக ஒரு மார்க் போயிற்று.)

வீட்டை யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தொரை காலை ஏழு மணிக்கே ஃபேக்டரிக்கு வர ஆரம்பித்தார். வந்ததும் அப்பாவிடம் முதலில் கேட்பது, "உன் மக எங்கே?" என்றுதான். "ஊட்டுலதானுங்க தொரை," என்பார் அப்பா. அதற்குப் பிறகுதான் அவர் உள்ளே நுழைவார்.

அந்த வருஷம் ஃபேக்டரியை மூடவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று வெளியே சொல்லிக்கொள்வதில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்றைக்கு நான் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். எங்கள் வீட்டில் வாய்ப்பேச்சுக்கு மதிப்பே கிடையாது. "லீவுக்குக் கண்டிப்பா ஊருக்குப் போலாம்," என்று என் கணவர் சொல்லி முடிப்பதற்குள் என் மகள் நோட்டை நீட்டி, "சைன் ப்ளீஸ், சார்," என்பாள். இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் என் அப்பா. அந்த வருஷம் டிசம்பர் மாதம் அவரே கோத்தகிரிக்குப் போய்ப் புது நோட்டு ஒன்று வாங்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"கல்கத்தா பெரிய தொரை அடுத்த வாரம் வர்றாராம் சாமி," என்றார். "பழைய கையெழுத்து இந்த மாசத்தோட முடியுது."