முப்பத்திரண்டாம் தேதி

தன்னை அறிவாளி என்று நம்புகிறவன் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஈடே கிடையாது. சாதாரண முட்டாள் பாதியில் களைத்துப்போய் நிறுத்திவிடுவான். அறிவாளியோ சிவப்பு மையும் கையுமாக வந்து சேருவான். மரக்காணம் உப்பளத்துக்கு நான் ஒரு புட்டி நிறைய கொண்டுபோனேன், சட்டைப் பையில்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது, தற்காலிக வேலை. மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளர்களுக்கு நிவாரண அரிசி கொடுக்கப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தோம். அது சென்னையில் ஒரு கம்ப்யூட்டருக்குள் போகும் (நான் அதைப் பார்த்ததில்லை, கூடவே வளர்ந்தவன் மாதிரி பேசுவேன்). வேலையில் சேர்ந்த தேதிக்கு என்று ஆறு கட்டம்.

"அந்தக் கட்டத்துல எதை எழுதினாலும் மிஷின் முழுங்கிடும்பா. அது தேதிதானான்னு பாக்கறது உன் பொறுப்பு" என்றார் அதிகாரி.

உடனே சட்டம் போட்டேன். எழுத்தே கூடாது, எண் மட்டும். சரிபார்க்க எனக்கு நானே இன்னொன்று: நாள் 31-ஐத் தாண்டக்கூடாது, மாதம் 12-ஐத் தாண்டக்கூடாது. உப்பளத்தில் பதிவேடு எழுதும் பஷீர் பாய் மறுபேச்சில்லாமல் நிரப்பிக் கொடுத்தார்.

பட்டியலை எடுத்துப்போகும் ஜீப் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். அதில் பெயர் போகாதவர்களுக்கு ஐப்பசியில் அரிசி இல்லை. மூன்று மணிக்கு நான் கண்டுபிடித்தேன்: பத்தொன்பது பேருக்கு ஒரே தேதி, 32-03. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த பரவசம்! பத்தொன்பதையும் சிவப்பில் அடித்தேன். அது போதாதென்று உப்புக் குவியல்மேல் ஏறி நின்றேன்.

"உலகத்துல எங்கயாவது முப்பத்திரண்டாம் தேதி உண்டா? எல்லாம் பொய்!"

அந்தப் பத்தொன்பது பேருக்கும் தலைவி செங்கேணி. உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"ஆனி முப்பத்திரெண்டு சார். மறுநா ஆடி. ஆடியில எதுவும் தொடங்கக்கூடாதுன்னு ஆனி கடைசி நாளே வந்து எறங்கிட்டோம்."

பஷீர் பாயைப் பார்த்தேன்.

"நீங்கதான தம்பி எழுத்து வேணாம், நம்பர் போடுன்னீங்க? ஆனி மூணாவது மாசம். போட்டுட்டேன்."

"அப்போ மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் தமிழ் மாசம்தான்."

நான் டிக் போட்ட தாள்களைப் புரட்டினேன். 5-10, 8-10, 12-10. எல்லாம் தை மாதம். நான் அக்டோபர் என்று ஆசீர்வதித்திருந்தேன்; அதை வாய்விட்டும் சொல்லித் தொலைத்தேன்.

"அக்டோபர்லயா?" செங்கேணி அண்ணாந்து பார்த்தாள். "அப்ப இங்க முட்டி தண்ணி நிக்கும் சார். நாங்க உப்பு வாரவா சேர்ந்தோம், எறா புடிக்கவா?"

சிரிப்பு வெடித்தது. அதில் குவியல் சரிந்ததா, என் கால் சரிந்ததா, தெரியாது. உப்போடு உப்பாக வாய்க்காலில் போய் உட்கார்ந்தேன். பையில் புட்டி உடைந்தது.

"அய்யய்யோ, ரத்தம்! மார்ல ரத்தம்!"

"அட, ரத்தம் இல்லம்மா, ஆபீஸ் மை" என்று பாய் எல்லோரையும் சமாதானப்படுத்தினார். என்னைத் தூக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை.

கணக்கைப் பாருங்கள். நான் பாஸ் போட்ட அத்தனை தேதியும் தப்பு. "நாங்கள் இங்கிலீஷ் மாதம் இல்லை" என்று கையைத் தூக்கிச் சொன்னது அந்தப் பத்தொன்பதுதான். அவற்றைத்தான் அடித்திருந்தேன்.

பாயின் பதிவேட்டு ஓரத்தில் பென்சிலில் இங்கிலீஷ் தேதியும் இருந்தது.

"இதை ஏன் பாய் சொல்லல?"

"எந்த மாசம்னு நீங்க கேக்கவே இல்லியே."

அவர் வாசிக்க, கடன் வாங்கிய நீல மையில் நான் முழுப் பட்டியலையும் திரும்ப எழுத, டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்த, ஆறரைக்கு ஜீப் கிளம்பியது. பத்தொன்பது பேரும் பட்டியலில் இருந்தார்கள், ஜூலை பதினாறாக. ஐப்பசியில் அரிசி வந்தது. எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. பத்திரிகைக்குப் போய்விட்டேன்.

சிவப்புக் கறைச் சட்டையால் கதை வீட்டுக்குத் தெரிந்தது; கல்யாணத்துக்குப் பிறகு மனைவிக்கும். இன்றும் குழாயை எப்போது சரிசெய்வீர்கள் என்று கேட்பாள். "அடுத்த வாரம்" என்பேன். அவள் போய் நாட்காட்டியில் ஆனி மாதத்தைப் புரட்டி, முப்பத்திரண்டாம் தேதி இருக்கிறதா என்று பார்ப்பாள்.

இந்த வருடம் ஆனிக்கு முப்பத்தோரு நாள்தான். குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது.