பிள்ளை பெறாதவனுக்குப் பத்தியம்

ஆனையூர், மதுரை
9.9.84, ஞாயிறு

பிலாய் உருக்காலையில் இரும்போடு மல்லுக்கட்டும் அன்பு மாப்பிள்ளை விருமாண்டிக்கு, உன் அக்காளைக் கட்டிய மச்சான் நல்லகாமன் எழுதிக்கொண்டது. இங்கு உன் அக்கா அன்னக்கொடி, மகள் ஜெயக்கொடி, சினைப்பசு மூவரும் சுகம். அங்கு நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்க அழகர் துணை செய்யட்டும். என் சுகம் ஓர் இன்லேண்டு லெட்டரில் அடங்காது என்பதால் வெள்ளைத்தாள் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனி மாதம் செல்லூரில் என் கடையில் பருத்திக்கொட்டை மூட்டையைத் தூக்கினேன் அல்லவா, அன்றிலிருந்து அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. ஆடி பிறந்ததும் உன் அக்கா டவுனுக்கு ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "குடலிறக்கம். ஆபரேசன் செஞ்சாத்தான் தீரும். தள்ளிப்போட்டா குடல் மாட்டிக்கிட்டு உசுருக்கே ஆபத்தாயிரும். ஆனா இந்த வயித்துல நான் கத்தி வைக்க மாட்டேன். பத்துக் கிலோ கொறைச்சுட்டு வாங்க" என்றார். வயிற்றை அறுப்பதற்கு எடையை ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்டேன். "நீங்க மூட்டை யாவாரிதானே? கொள்ளாத அளவுக்குத் திணிச்சு வாயத் தச்சா தையல் நிக்குமா?" என்றார். தொழிலைச் சொல்லியே அடித்துவிட்டார். எடை மெஷினில் ஏற்றினார்கள், தொண்ணூற்றெட்டு. நர்சம்மா சும்மா இருக்காமல் உன் அக்காவையும் ஏற்றிப் பார்த்தாள், ஐம்பத்தெட்டு. புரட்டாசி முடிவதற்குள் குறைத்தால் ஐப்பசியில் ஆபரேசன், தையில் ஜெயக்கொடி கல்யாணத்துக்குப் பந்தல் வாசலில் நின்று நான் எல்லோரையும் வாங்க வாங்க என்று கும்பிடலாம். இல்லையென்றால் கட்டிலில் கிடந்தபடி கும்பிட வேண்டியதுதான்.

இதுவரை சரி. கிளம்பும்போது டாக்டர், "மூணு மாசம் நல்லா பத்தியமா இருக்கணும்" என்று ஒரு வார்த்தை சொன்னார் பார், அங்கேதான் சனி பிடித்தது. நம் வீட்டில் பத்தியம் என்றால் என்ன? உன் அக்காவுக்குத் தெரிந்த பத்தியம் ஒன்றே ஒன்றுதான், பிள்ளை பெற்றவளுக்குப் போடும் பத்தியம். மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். உரித்த பூண்டு அரைப்படி போட்டுக் குழம்பு, அதன் மேல் ஒரு விரக்கடை நல்லெண்ணெய். மதியம் சுறாப்புட்டு. ராத்திரி நாட்டுக்கோழிச் சாறு. இடையில் நெய்யும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய பிரசவ லேகியம், கொட்டைப்பாக்கு அளவு அல்ல, கோழிமுட்டை அளவு. காதில் பஞ்சு வைத்துத் தலையில் துணி கட்டாததுதான் பாக்கி. டாக்டர் சொன்ன மருந்தைத் தட்டக்கூடாது என்று நானும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு இருபது நாள் சாப்பிட்டேன். வாசனை பிடித்துவிட்டுப் பக்கத்து வீட்டு ராக்கம்மாள், "என்ன மதினி, வீட்டுல யாருக்குப் பேறுகாலம்?" என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுபடி போனோம். நூற்றொன்று! டாக்டர் மெஷினைத் தட்டிப் பார்த்தார், என்னைத் தட்டிப் பார்த்தார், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். உன் அக்கா பெருமையாக வரிசையாக ஒப்பித்தாள். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார் மாப்பிள்ளை. "ஏம்மா, இவரு பிள்ளையா பெத்திருக்காரு?" என்றார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். காலை ஒரு டம்ளர் கேப்பைக் கூழ், மதியம் சுரைக்காய், ராத்திரி வெள்ளரிக்காயோடு மோர்.

அன்றிலிருந்து உன் அக்கா உன் அக்காவாக இல்லை. அடுக்களைக்குப் பூட்டு, சாவி முந்தானையில். ஒத்தக்கடையிலிருந்து என் கூடப்பிறந்த மலையம்மாள் அக்கா என்னைப் பார்க்கக் கருப்பட்டிப் பணியாரத்தோடு வந்தது. "என்னப்பா, இப்பிடி உருகிப் போயிட்டே" என்று அது மூக்கைச் சிந்துவதற்குள் தூக்குச்சட்டியை உன் அக்கா வாங்கித் தெருவுக்கே பங்கு வைத்துவிட்டாள். பணியாரத்தை நான் கண்ணால் பார்த்ததோடு சரி. இத்தனைக்கும் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று யாருக்குத் தெரியும்? எனக்குக் கூழை ஊற்றிவிட்டு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கேட்டால், "நான் அப்பவே தின்னுட்டேன்" என்கிறாள். சுடுசோறும் கருவாட்டுக் குழம்புமாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு இந்த வயசில் மூன்று ரவிக்கையைப் பிடித்துத் தைக்கத் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறாள். மகள் கல்யாணத்துக்கு இப்போதே மினுக்கு. நானோ வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட்டைப் போட்டு இறுக்கிக்கொண்டு திரிகிறேன். என் கடைக்கு நேரெதிரே காளையின் புரோட்டாக் கடை இருப்பது உனக்குத் தெரியும். சாயங்காலமானால் சால்னா மணம் ரோட்டைத் தாண்டி வந்து என் மேசை மேல் உட்காருகிறது. மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மோப்பத்துக்கு எடை கிடையாது. வைராக்கியம் என்றால் இந்த மச்சானைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். கடைத் தராசில் நேற்று ஏறி நின்றேன், தொண்ணூற்று மூன்று.

ஆகவே மாப்பிள்ளை, உன் அக்காவுக்கு நீ கண்டிப்பாக ஒரு கடிதம் போட வேண்டும். "மச்சானை வதைக்காதே, மதியம் ஒரு பிடி சோறாவது போடு, நீ மட்டும் தின்பது அடுக்குமா" என்று உறைக்கிற மாதிரி எழுது. நீ சொன்னால் கேட்பாள். நாளை திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம். அவர் வாயாலேயே என் பெருமையைக் கேட்டபின் தபாலில் சேர்க்கிறேன்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் நோய்நொடி அண்டாமல், உலைச்சூடு படாமல், பிள்ளைகள் படித்துப் பேரெடுத்து நூறு வயசு வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பாதியாகிப்போன உன் மச்சான்
நல்லகாமன்

பின்குறிப்பு: திங்கள் மாலை எழுதுகிறேன். டாக்டர் மெஷினில் நூறு. சுளையாக நூறு. கடைத் தராசு நான் சரக்குக் கொள்முதல் செய்கிற தராசு, குறைத்தே காட்டுகிற அதன் குணம் உனக்குத் தெரியாததல்ல. டாக்டர் என்னை வைது முடிப்பதற்குள் பெஞ்சியில் இருந்த உன் அக்கா தலைசுற்றிச் சாய்ந்துவிட்டாள். நர்சம்மா தண்ணீர் தெளித்து, மெஷினில் ஏற்றிப் பார்த்தாள். ஐம்பத்தொன்று. "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு அவள் என் முகத்தைப் பார்க்காமல், "அவரு கூழக் குடிச்சுட்டு இருக்கையில நான் எப்பிடிங்கய்யா சோறு திம்பேன்? அவருக்கு ஊத்துறதுல மிச்சத்தத்தான் குடிக்கேன்" என்றாள். ரவிக்கை சங்கதி அப்போதுதான் எனக்கு விளங்கியது. டாக்டர் என்னிடம், "ஏழு கிலோ கொறைஞ்சிருக்கு. ஆனா நான் அறுக்க வேண்டிய ஆளு நீங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அவள் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "ஏங்க, நான் கூழு காச்சுறதுல எதும் கோளாறா இருக்குமோ? ஒங்களுக்கு மட்டும் ஏன் எறங்க மாட்டேங்குது?"

தினம் சாயங்காலம் காளை கடையில் நாலு புரோட்டா, சால்னா ரெண்டு கரண்டி. இதை உன்னிடம் எழுத முடிகிறது, அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. அழுகையும் வருகிறது. இனி எனக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்றால்தான் நான் கூழைத் தொடுவேன் என்று சொல்லி அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். இப்போது கண்ணெதிரே அவள் கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைகிறாள், நான் மோரைக் குடித்துக்கொண்டே எழுதுகிறேன். இதைவிட டாக்டர் கத்தியே தேவலாம். கடையைச் சாத்திவிட்டு வரும்போது காளையிடம் இனி எனக்கு இலை போடாதே என்று சொன்னேன். "ஏண்ணே, ஒடம்புக்கு எதும் சரியில்லையா?" என்கிறான்.

உன் அக்காவுக்கு நீ கடிதம் எதுவும் போட வேண்டாம். எனக்குப் போடு, உறைக்கிற மாதிரி. மேலே எழுதியதில் ஆசீர்வாதத்தைத் தவிர மற்றதை எல்லாம் அடித்துவிட்டுப் படி.