நான் இழுத்த கேபிள்

"இன்னாப்பா பாலாஜி, பில்லே போட முடியல. கல்யாணக் கோஷ்டி உக்காந்துக்கினு இருக்குது. நீ ஆடி அசைஞ்சு இப்ப வர்றியா?"

பட்டுக் கடை முதலாளி காந்தாவின் குரலில் அனல் அடித்தது.

"சாமி காரியம்க்கா. கருட சேவையில சாமிக்குப் புடிக்கிற கொடை சிக்கிக்கிச்சு. நான்தான் எடுத்து வுட்டேன்," என்று கழுத்திலிருந்த துளசி மாலையைத் தடவிக்கொண்டான் பாலாஜி.

கடை, வீதிக்கு இந்தப் பக்கம். பில் போடும் சர்வர் எதிர்ப்பக்கத்துக் கிடங்கில். இரு பக்கமும் ஒயர்களைச் செருகும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி ஒவ்வொன்று. இரண்டையும் கேபிள் இழுத்து இணைத்தவன் பாலாஜிதான். அவன் பிழைப்பே இந்த ஒரு கடையை நம்பித்தான் ஓடியது. வேலையில் கெட்டிக்காரன். வாய் மட்டும் அதைவிடக் கெட்டி.

"கேபிள் போயிருக்குமோ?"

"நான் இழுத்த கேபிள்க்கா அது. யானை இழுத்தாலும் வராது. ஸ்விட்ச்சுதான் மக்கர் பண்ணுது."

கடை ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டான். பில் வரவில்லை; அதுவரை ஒழுங்காக ஓடிய கேமராவும் நின்றது. ஒயர்களை மாற்றிச் செருகினான். அவசரத்தில் ஒரே ஒயரின் இரண்டு முனைகளும் ஒரே ஸ்விட்ச்சில் ஏறிவிட்டன. பச்சை விளக்குகள் பேய் பிடித்த மாதிரி சிமிட்டின. கார்டு மெஷினும் படுத்துவிட்டது. பதறிப்போய் எதிர்ப்பக்கம் ஓடி, அங்கிருந்த ஸ்விட்ச்சை ரீசெட் செய்தான். செட்டிங் அத்தனையும் அழிந்து போயிற்று.

திரும்பி வந்தால், மணப்பெண்ணின் அம்மா முகூர்த்தப் புடவையை மேசையிலேயே போட்டுவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"போதும்பா. வாலாஜாபாத்ல ஒரு ஆள் இருக்காரு. இனிமே அவரே பாத்துக்கட்டும்," என்று காந்தா போனை எடுத்தாள்.

வேறு வழியில்லாமல் பாலாஜி வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தான்.

வீதிக்குக் குறுக்கே கேபிளைக் காணோம். சுவரோரம் ஒரு முழம் மட்டும் தொங்கியது, கத்தரித்த முனையோடு.

அவன் போட்ட கூச்சலில் வீதியே திரும்பிப் பார்த்தது.

"அக்கா, இங்க வந்து பாரு! எவனோ வேணும்னே வெட்டியிருக்கான்! எந்தக் கழிசடைடா அது? அவன் கை வெளங்காமப் போவ!"

வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த மரியம்மாள் பதறி எழுந்தாள்.

"ஐயய்யோ, உன் வாயால உன்னையே சபிச்சிக்காதப்பா! விடியக்காலையில சாமி கொடை மாட்டிக்கினப்போ, 'பழைய டிவி ஒயருதான்'னு சொல்லிக்கினு ஆளுங்க தோள்மேல ஏறி வெட்டி வுட்டதே நீதானே? அதுக்குத்தானே இந்த மாலையே போட்டாங்க!"