செவலைக்கு வாசித்த வானிலை அறிக்கை

அன்றைக்கு எனக்கிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். எங்கள் செவலை மாட்டைச் சந்தைப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய், கறவைப் போட்டியில் பால் கறந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஏழு மாடுகள், இருபது வெள்ளாடுகள், கொஞ்சம் மானாவாரி நிலம். என் கணவர் வருடத்தில் பாதி நாள் ரிக் லாரியோடு ஆழ்துளைக் கிணறு போட வெளிமாநிலம் போய்விடுவார். பண்ணையைப் பார்த்துக்கொண்டது நானும் என் மாமியாரும். நான் விலங்கியல் படித்தவள். மாமியார் விலங்குகளைப் படித்தவர். இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

போட்டியின் முதல் பரிசு, தட்டு வெட்டும் இயந்திரம். சக்கரத்தைச் சுற்றினால் மாட்டுக்குப் போடும் சோளத்தட்டு துண்டுதுண்டாக விழும். நாங்கள் இருவரும் அந்த வேலையைத் தினமும் இரண்டு மணி நேரம் அரிவாளால் செய்துகொண்டிருந்தோம். என் வலது உள்ளங்கை செருப்புத் தோலாக மாறியிருந்தது. அந்த இயந்திரத்துக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன். அந்த "எதையும்" என்பதற்குள் என்னென்ன அடங்கும் என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

செவலையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அது கன்று ஊட்டிப் பால் தரும் மாடல்ல. பிறந்தவுடன் கன்றைப் பிரித்துப் புட்டியில் பால் கொடுத்து வளர்ப்பதே சிறந்தது என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்தேன், அப்படியே செய்தேன்.

"கன்னு முட்டாம எந்த மாடு சாமி சொரக்கும்?" என்றார் மாமியார்.

அதற்கும் பிரசுரத்தில் பதில் இருந்தது. கறக்கும் நேரத்தில் தினமும் ஒரே விதமான இனிய ஓசை கேட்டால் மாடு அதற்குப் பழகிவிடுமாம்.

டிரான்சிஸ்டரைத் தொழுவத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் மாலைக் கறவை ஆறரை மணிக்கு. அந்நேரத்தில் வானொலியில் இனிய ஓசை எதுவும் கிடையாது. விவசாயிகளுக்கான வானிலை அறிக்கைதான் உண்டு. பிரசுரத்தில் "இனிய" என்பதைவிட "ஒரே விதமான" என்பதே முக்கியம் என்று நான் முடிவு செய்தேன்.

பத்தே நாளில் பலித்துவிட்டது. "அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில்" என்ற குரல் கேட்டதும் செவலைக்கு மடி நிறையும். ஊரிலுள்ள மாடுகளெல்லாம் கன்றைப் பார்த்துச் சுரக்க, எங்கள் மாடு மட்டும் காற்றழுத்தத் தாழ்வு நிலைக்குச் சுரந்தது.

ஆகவே போட்டிக்குப் போகும்போது மிகக் கவனமாகத் தயாரானேன். டிரான்சிஸ்டருக்குப் புது பேட்டரி போட்டேன். கைவசம் இன்னொரு ஜோடி பேட்டரி வைத்துக்கொண்டேன். உறை கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் மாட்டினேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக டிக் செய்தேன்.

சந்தைப்பேட்டையில் ஆறு மாடுகள் வரிசையாக நின்றன. எங்களுக்குப் பக்கத்தில் எடப்பாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். அவர் மாட்டின் மடியைப் பார்த்ததும் என் இயந்திரம் கண்ணெதிரே எடப்பாடி பஸ் ஏறுவது போலிருந்தது.

கால்நடை டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இருபது நிமிசந்தானுங்க. நாலு மணி ஆச்சு, ஆரம்பிக்கலாமுங்க."

நான் மடியைக் கழுவி, டிரான்சிஸ்டரைத் திருகினேன். தெள்ளத் தெளிவாக ஒரு காதல் பாட்டு வந்தது.

செவலை டிரான்சிஸ்டரைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

நாலு மணிக்குப் போட்டி. ஆறரை மணிக்கு அறிக்கை. பேட்டரிக்கு மாற்று பேட்டரி வரை யோசித்தவள், கடிகாரத்தை யோசிக்கவில்லை. முள்ளைத் திருப்பித் திருப்பித் தேடினேன். நாதஸ்வரம் வந்தது. இந்தி வந்தது. காம்பிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. செவலை ஒரு முறை காலைத் தூக்கி வாளியைத் தள்ளி வைத்தது.

"ஏனுங்கம்மா, மாட்டுக்குப் பாட்டுப் புடிக்கலீங்களா?" என்றார் எடப்பாடிக்காரர். அவருடைய வாளியில் நுரை பாதிக்கு ஏறியிருந்தது.

மாமியார் என் காதருகே குனிந்தார். "பொட்டி பேசுலீன்னா நீ பேசு சாமி."

"நானா அத்தை?"

"காலேசுல படிச்சவதான? தெனமும் கேக்கறத ஒப்பிக்கத் தெரியாதா? பன்னெண்டு நிமிசந்தான் கெடக்குது."

நான் டிரான்சிஸ்டரை நிறுத்தி என் மடியில் வைத்துக்கொண்டேன். தொண்டையைச் செருமினேன். செவலையின் விலாப்பக்கம் முகத்தைத் திருப்பி, செய்தி வாசிப்பவரின் குரலில் மெதுவாகத் தொடங்கினேன்.

"அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில் சேலம் மாவட்டத்தில் வானம் பொதுவாக மேகமூட்டத்துடன் காணப்படும்."

சர்ரென்று பால் இறங்கியது.

எனக்கு அறிக்கை மனப்பாடம்தான். ஆனால் அது இரண்டு நிமிட அறிக்கை. முடித்து நிறுத்தியதும் பாலும் நின்றது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஒரே நாளில் ஒரே அறிக்கையை இரண்டு முறை கேட்டுப் பழக்கமில்லாததால் செவலை காதை மடக்கிக்கொண்டது. புதிதாக ஏதாவது சொல்லியாக வேண்டும். நான் மழையைக் கொஞ்சம் கூட்டினேன்.

"ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்."

பால் வந்தது. தரைக்காற்று சேர்த்தேன். இன்னும் வந்தது. சூறைக்காற்று என்றேன். வாளி நிறையத் தொடங்கியது. நேர்மையான பெண்ணாக வளர்க்கப்பட்டவள் நான். ஆனால் ஒவ்வொரு பொய்க்கும் கால் படி பால் கிடைத்தால் யார்தான் நிறுத்துவார்கள்?

இதற்கிடையில் மைக் வைத்திருந்த விழாக்குழுக்காரர் ஒவ்வொரு மாடாக வர்ணித்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். என் மடியில் டிரான்சிஸ்டர். அதிலிருந்து ஏதோ முக்கியமான அறிவிப்பு வருவதாக நினைத்து, அந்த நல்ல மனிதர் மைக்கை அதன் அருகே நீட்டிவிட்டார். நான் மாட்டுப் பக்கம் திரும்பியிருந்ததால் கவனிக்கவில்லை.

"விவசாயிகள் களத்தில் காயும் நிலக்கடலையை உடனடியாகப் பத்திரப்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று நான் சொன்னது, புளியமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் வழியாகச் சந்தைப்பேட்டை முழுக்கக் கேட்டது.

புரட்டாசி மாதம். அங்கிருந்த ஒவ்வொருவர் வீட்டுக் களத்திலும் கடலைக்காய் காய்ந்துகொண்டிருந்தது.

"மானத்துல பொட்டு மேகங்கூட இல்லீங்களே?" என்று ஒரு குரல்.

"ரேடியோவுலயே சொல்லிப்போட்டாங்க, அப்பறம் என்னத்த அண்ணாந்து பாக்கறீங்க? வண்டியப் பூட்டுங்க வெரசா."

நான் தலையைத் தூக்கியபோது கூட்டம் பாதி கலைந்திருந்தது. தலைமை தாங்க வந்தவர் மாலையைக் கழற்றாமலே சைக்கிள் மிதித்தார். எடப்பாடிக்காரர் கறந்த பாலை வாளியோடு அப்படியே விட்டுவிட்டு மாட்டை அவிழ்த்தார்.

"ஐயா, அது வந்து..." என்றேன்.

"இருக்கட்டுமுங்கம்மா. மிசின் இன்னைக்கில்லீன்னா நாளைக்கு வாங்கிக்கலாம். எனக்கு நாலு ஏக்கராக் காய் கெடக்குதுங்க."

கால் மணி நேரத்தில் மைதானத்தில் மிஞ்சியது டாக்டர், நான், மாமியார், செவலை. டாக்டர் என்னையும் டிரான்சிஸ்டரையும் மாறிமாறிப் பார்த்தார். எங்கள் பாலை அளந்தார். ஏழரை லிட்டர்.

"மத்தவங்க யாரும் அளக்கற வரைக்கும் நிக்கலீங்க. அளக்காத பால் போட்டியில சேராதுங்க. மிசின் உங்களுக்குத்தானுங்க" என்றார்.

வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டே இயந்திரத்தை வாங்கிக்கொண்டேன். வெட்கம் நடிப்பு, வாங்கிக்கொண்டது மட்டும் உண்மை.

வாடகை வண்டியில் இயந்திரத்தை ஏற்றி, பின்னால் செவலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். ஒரு மைல் தாண்டியதும் மாமியார் மெல்ல ஆரம்பித்தார்.

"அம்மிணி, நம்ம களத்துலயும் காய் கெடக்குது."

"கிடக்கட்டுமே அத்தை."

"வெரசாப் போயி மூடிப்போடலாமா?"

"அத்தை, அந்த அறிக்கையை வாசித்ததே நான்தான். நீங்கள்தானே வாசிக்கச் சொன்னீர்கள்?"

"அது சரி. ஆனா நீ சொன்ன சொல்லு அப்படியே நெசமாட்டமே இருந்துச்சு சாமி."

மேகம் உருவாவது எப்படி, ஈரப்பதம் என்றால் என்ன, மேற்கே வானம் தெளிவாக இருந்தால் அதன் பொருள் என்ன என்று வழிநெடுக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவசரப்பட வேண்டாம் என்று வண்டிக்காரரிடமும் சொன்னேன்.

எங்கள் ஊர் எல்லையைத் தாண்டும்போது முதல் துளி விழுந்தது. வீடு சேர்வதற்குள் இடி, மழை, தரைக்காற்று, சூறைக்காற்று என நான் சொன்ன வரிசை மாறாமல் எல்லாம் வந்தன.

சுற்றுவட்டாரத்தில் ஒருவர் வீட்டுக் கடலைகூட நனையவில்லை. எங்களுடையதைத் தவிர.

முழங்கால் தண்ணீரில் நின்று கூடையில் காயை அள்ளிக்கொண்டிருந்தபோது மாமியார் நிதானமாகச் சொன்னார்:

"மாடு நம்புச்சு. ஊரே நம்புச்சு. நீ சொன்னத நம்பாதவ நீ ஒருத்திதான் சாமி."